தம்பிக்கு டி.பி. மாத்திரை பலன் தரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்

பெரம்பூர் மல்லிகா | 12 மார்ச் 2023, இரவு 11.52

எல்லோருக்கும் வணக்கம். தூக்கம் வராமல் எழுதுகிறேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 34 வயது. சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை. ஜனவரி 31 அன்று காய்ச்சல் ஆரம்பித்தது. வறட்டு இருமல், நெஞ்சு வலி, இரவில் வேர்வை. தெருமுனை மருத்துவர் டெங்கு, டைபாய்டு இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார். இரண்டும் இல்லை. எக்ஸ்ரேயில் இரு பக்க நுரையீரலிலும் திட்டுகள். இரண்டு விதமான ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், பயனில்லை. பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். இரண்டு நுரையீரலிலும் சிறு சிறு முடிச்சுகள், நெஞ்சின் நடுவே நெறிகட்டிகள் வீங்கியிருக்கின்றன என்று வந்தது. சளியில் டி.பி. கிருமி இல்லை, கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் பரிசோதனையும் இல்லை என்றே சொன்னது. இருந்தும் "எங்களுக்கு டி.பி. போலத்தான் தெரிகிறது" என்று பிப்ரவரி 22 அன்று மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள்.

மார்ச் 8 அன்று மூச்சுக்குழாய் வழியாக அந்த நெறிகட்டியிலிருந்து சதை எடுத்தார்கள். அறிக்கையில் "கிரானுலோமா, காசநோயாக இருக்கலாம்" என்று இருக்கிறது. மாத்திரை தொடங்கி 18 நாள் ஆகிறது. காய்ச்சல் 101க்குக் கீழே இறங்கவில்லை. ஏழு கிலோ இளைத்துவிட்டான். அம்மா அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். அவனுடைய நான்கு வயது மகளை என் வீட்டில் வைத்திருக்கிறேன். அவள் தினமும் கதவருகே நின்று அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாள்.

மருத்துவமனையில் கேட்டால் "இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள்" என்கிறார்கள். பொறுப்பதா, வேறு மருத்துவரிடம் போவதா?

அயனாவரம் சேகர் | 13 மார்ச், காலை 6.10

சகோதரி, பயப்படாதீர்கள். என் மாமனாருக்கு மாத்திரை பலன் தர ஆறு வாரம் ஆனது. நடுவில் நிறுத்தினால்தான் ஆபத்து. ஆட்டுக்கால் சூப், முட்டை கொடுங்கள். நிலவேம்பும் கொடுக்கலாம்.

இருமல் டாக்டர் | 13 மார்ச், காலை 7.35

சூப் கொடுங்கள், தடையில்லை. நிலவேம்பை இப்போது சேர்க்காதீர்கள். டி.பி. மாத்திரைகளே கல்லீரலைச் சோதிப்பவை. கூட ஒன்றைச் சேர்த்தால், பிறகு மஞ்சள்காமாலை வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

மல்லிகா அவர்களே, நான் நெஞ்சக மருத்துவன். இணையத்தில் மருந்து எழுதுவதில்லை. ஒன்று சொல்லலாம். கிரானுலோமா என்பது நோயின் பெயரல்ல. உடல் ஒரு பொருளை அழிக்க முடியாதபோது அதைச் சுற்றி எழுப்பும் சுவர் அது. உள்ளே டி.பி. இருக்கலாம், பூஞ்சை இருக்கலாம், சார்காய்டோசிஸ் என்ற, கிருமியே இல்லாத நோயாக இருந்தால் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். நம் ஊரில் டி.பி. அதிகம் என்பதால் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. பத்தில் எட்டு முறை சரியாகவே இருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அந்தக் கணக்கை நான் எண்ணிப் பார்த்ததில்லை. எச்.ஐ.வி. பரிசோதனை செய்தார்களா?

பழைய நுண்ணோக்கி | 13 மார்ச், காலை 9.02

அம்மா, நான் 31 ஆண்டுகள் நுண்ணுயிர் ஆய்வகத்தில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். காய்ச்சல் வருவதற்கு முந்தைய மூன்று வாரம் தம்பி எங்கே இருந்தார்? என்ன வேலை செய்தார்? "கட்டட வேலை" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். எந்த ஊர், எந்த இடம், கையில் என்ன இருந்தது, மூக்கில் என்ன ஏறியது, அது வேண்டும்.

பெரம்பூர் மல்லிகா | 13 மார்ச், மதியம் 1.20

எச்.ஐ.வி. இல்லை டாக்டர்.

ஐயா, நீங்கள் கேட்ட பிறகு தம்பியிடம் உட்கார்ந்து கேட்டேன். இதை இதுவரை எந்த மருத்துவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவன் ஒரு ஒப்பந்ததாரரிடம் மேற்பார்வையாளர். பொங்கல் முடிந்த கையோடு, 16ஆம் தேதி கோரமண்டல் ரயிலில் ஹௌரா போனான். ஆற்றங்கரையில் பழைய சணல் குடோன், பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தது. அதைக் காலி செய்து தரையைத் தோண்டிப் புதுத் தளம் போடும் வேலை. ஜனவரி 18 முதல் 21 வரை நான்கு நாள் உள்ளே சுத்தம் செய்திருக்கிறார்கள். கூரை முழுக்க வௌவால், தரையில் முழங்கால் அளவுக்கு அதன் எச்சமும் மண்ணும் கலந்து காய்ந்து கிடந்ததாம். "மண்வெட்டி போட்டால் புகை மாதிரி எழுந்தது அக்கா, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை" என்கிறான். முகத்தில் கைக்குட்டைதான் கட்டியிருந்தார்கள். 24ஆம் தேதி சென்னை வந்துவிட்டான்.

அவனோடு நான்கு தொழிலாளர்கள் இருந்தார்கள். இருவர் வியாசர்பாடி, இருவர் ஒடிசாவில் கஞ்சம் மாவட்டம். கஞ்சம்காரர்களில் ஒருவர் காய்ச்சலோடு ஊருக்குப் போய்விட்டதாக இன்றுதான் சொல்கிறான்.

பழைய நுண்ணோக்கி | 13 மார்ச், மதியம் 2.04

அம்மா, இதைத்தான் தேடினேன்.

ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டோபிளாஸ்மா காப்ஸுலேட்டம் என்னும் பூஞ்சை. பறவை எச்சமும் வௌவால் எச்சமும் கலந்த மண்ணில் நூல்நூலாக வளரும். மண்ணைக் கிளறினால் அதன் வித்துகள் காற்றில் ஏறும். மூச்சில் போன பிறகு, உடற்சூட்டில் நூல் வடிவத்தை விட்டுவிட்டு ஈஸ்ட் வடிவத்துக்கு மாறிக்கொள்ளும். மண்ணில் ஒரு வேடம், மனிதனுக்குள் ஒரு வேடம். மூச்சில் ஏறிய 3 முதல் 17 நாளுக்குள் காய்ச்சல் வரும். உங்கள் தம்பிக்கு 18ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 13ஆம் நாள்.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1954இல், கல்கத்தாவில். கங்கைச் சமவெளி மண்ணிலிருந்தே இந்தப் பூஞ்சையைப் பிரித்தெடுத்து 1975இல் வெளியிட்டார்கள். கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றின் கரையில் வௌவால் குடோன் என்றதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

இன்னொன்று. இந்த நோயை முதலில் கண்டவர் சாமுவேல் டார்லிங், பனாமா கால்வாய் வெட்டிய காலத்தில் அங்கே இருந்த மருத்துவர். 1905இல் இறந்துபோன ஒரு தொழிலாளியின் உடலைத் திறந்து பார்த்தபோது, நுரையீரல் முழுக்கப் பரவிய காசநோய் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். கண்டுபிடித்தவரையே ஏமாற்றிய நோய், நம் தெருமுனை மருத்துவரை ஏமாற்றியதில் வியப்பில்லை.

இப்போது அவசரமான கேள்வி: பயாப்சி சதையை எதில் போட்டார்கள்? ஃபார்மலினிலா, உப்பு நீரிலா?

பெரம்பூர் மல்லிகா | 13 மார்ச், மாலை 6.45

கேட்டேன் ஐயா. "எல்லாமே ஃபார்மலினில்தான், வழக்கமான நடைமுறை" என்றார்கள்.

பழைய நுண்ணோக்கி | 13 மார்ச், மாலை 7.10

நினைத்தேன். 31 வருடமும் இதற்காகத்தான் கத்தினேன். ஃபார்மலினில் விழுந்த சதையில் எந்தக் கிருமியும் வளராது, எல்லாம் செத்துவிடும். ஒரு துண்டை ஃபார்மலினிலும் ஒரு துண்டை உப்பு நீரிலும் போட இரண்டு புட்டிகள் போதும். அந்த இரண்டாவது புட்டிக்குச் சில ரூபாய்தான் செலவு. அது இல்லாததால் மூன்று மாதம் தவறான மாத்திரை தின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் கதை முடியவில்லை. சதையை மெழுகில் பதித்து ஒரு கட்டியாக வைத்திருப்பார்கள். அதிலிருந்து மறுபடியும் மெல்லிய சீவல் எடுத்து வேறு சாயம் ஏற்றலாம். வழக்கமான இளஞ்சிவப்புச் சாயத்தில் இந்த ஈஸ்ட் கண்ணில் படுவது கடினம். 2 முதல் 4 மைக்ரான்தான், ரத்தச் சிவப்பணுவில் பாதி அளவு. கோமோரி வெள்ளிச் சாயம் போட்டால் பச்சைப் பின்னணியில் மிளகுப் பொடி தூவியதுபோல் கறுப்பாக நிற்கும். பி.ஏ.எஸ். சாயமும் போடச் சொல்லுங்கள். மருத்துவரிடம் "பூஞ்சைக்கான சாயம் போட்டீர்களா? ஹௌராவில் வௌவால் எச்சத்தில் வேலை செய்த ஆள்" என்று எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

இருமல் டாக்டர் | 13 மார்ச், இரவு 9.30

நுண்ணோக்கி ஐயா சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. மூன்றைச் சேர்க்கிறேன்.

சிறுநீரிலும் ரத்தத்திலும் ஹிஸ்டோபிளாஸ்மா ஆன்டிஜன், அதாவது அந்தப் பூஞ்சையின் துகள், இருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லா ஆய்வகத்திலும் செய்வதில்லை, வெளியூருக்கு அனுப்ப வேண்டிவரும். நிறைய வித்துகளை இழுத்தவர்களுக்கு அது பெரும்பாலும் பாசிட்டிவாக வரும். அதை எதிர்த்து உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் உருவாக நான்கு, ஆறு வாரம் ஆகும், ஆகவே முதல் ரத்தத்தில் இல்லை என்று வந்தால் இல்லை என்று பொருளல்ல. இரண்டாவது, வயிற்று ஸ்கேனில் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் இந்த நோய் அங்கே போய் உட்காரும் பழக்கம் உண்டு. அந்தச் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசோலையும் காலை ரத்தத்தில் பார்க்கலாம்.

மூன்றாவது, யாராவது "சார்காய்டோசிஸ்" என்று சொல்லி ஸ்டீராய்டு தொடங்கினால் பூஞ்சை இல்லை என்று உறுதியான பிறகே சம்மதியுங்கள். பூஞ்சைக்கு ஸ்டீராய்டு கொடுப்பது திருடனுக்குச் சாவி கொடுப்பது.

டி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இதுவரை நம்மிடம் இருப்பது சந்தேகம் மட்டுமே.

மயிலாப்பூர் வாசு | 14 மார்ச், காலை 8.15

இதைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. எங்கள் பால்கனி முழுக்கப் புறா எச்சம். எனக்கும் மூன்று மாதமாக இருமல். இதே நோயாக இருக்குமா?

பழைய நுண்ணோக்கி | 14 மார்ச், காலை 8.50

வாசு, பறவையின் உடற்சூடு அதிகம் என்பதால் பறவைக்குள் இந்தப் பூஞ்சை குடியிருக்காது, எச்சம் விழுந்த மண்ணில்தான் வளரும். வௌவாலுக்கோ நோயே வரும், குடலிலிருந்து பூஞ்சையும் வரும். உங்கள் பால்கனிச் சிமெண்ட் தரையில் இதற்கு வாய்ப்பு குறைவு. புறா எச்சத்துக்கு வேறு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று கிரிப்டோகாக்கஸ் என்ற வேறொரு பூஞ்சை, அது பெரும்பாலும் எதிர்ப்பு சக்தி குன்றியவர்களைத் தேடிப் போகும். இன்னொன்று தொற்றே அல்ல, புறாத் தூசிக்கு நுரையீரல் காட்டும் ஒவ்வாமை. மூன்று மாத இருமல் என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள். பால்கனியைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு அள்ளுங்கள்.

மொட்டைமாடி விவசாயி | 14 மார்ச், காலை 10.40

தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்துதான் பைகளில் நிரப்புகிறேன். தோட்டக்கலைத் துறை கொடுத்த பையில் ஆரம்பித்து இப்போது நாற்பது பை. எனக்கு ஆஸ்துமா இருக்கிறது. தோட்டத்தை மூடிவிடவா?

இருமல் டாக்டர் | 14 மார்ச், காலை 11.15

மூட வேண்டாம். உங்கள் பையில் இருப்பது ஆஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சை, அது சென்னைக் காற்றிலும் இருக்கிறது. ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஒவ்வாமையாக முற்றும் ஒரு நோய் உண்டு. மூச்சுத்திணறல் அடங்காமல், பழுப்பு நிறச் சளிக்கட்டி வந்தால் ரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் ஐ.ஜி.இ. அளவும் ஆஸ்பெர்ஜிலஸுக்கான தனி ஐ.ஜி.இ.யும் பாருங்கள். உரப் பையைக் கொட்டும்போது நனைத்துக் கொட்டுங்கள், என்.95 முகக்கவசம் போடுங்கள். கோவிட் வந்தபோது வாங்கியது அலமாரியில் கிடக்கும்.

அயனாவரம் சேகர் | 14 மார்ச், மதியம் 12.05

மன்னிக்கவும், எனக்கு இது தேவையில்லாத பீதியாகப் படுகிறது. நம் ஊரில் எத்தனை பேர் வௌவால் கோயில் மண்டபங்களில் படுத்து எழுகிறார்கள்! ஆண்டுக்கணக்காக மாடு மேய்ப்பவர்கள், குப்பை அள்ளுபவர்கள் எல்லாம் இருக்கிறார்களே. இணையத்தில் ஒரு நோயின் பெயரைச் சொல்லி ஒரு குடும்பத்தின் நம்பிக்கையைக் குலைப்பது சரியா?

பழைய நுண்ணோக்கி | 14 மார்ச், மதியம் 12.40

சேகர், கேள்வி நியாயமானது. மூச்சில் இழுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, அல்லது சளிக் காய்ச்சல்போல் வந்து போய்விடும். எவ்வளவு இழுத்தார்கள் என்பதுதான் கணக்கு. மண்டபத்தில் படுப்பவன் மண்ணைக் கிளறுவதில்லை. இவர்கள் மூடிய கட்டடத்தில் நான்கு நாள் மண்வெட்டியால் வெட்டிப் புழுதியைத் தின்றிருக்கிறார்கள். அதோடு, நான் நோயின் பெயரைத் தீர்ப்பாகச் சொல்லவில்லை. இருக்கிற சதையை இன்னொரு சாயத்தில் பார் என்றுதான் சொன்னேன். அதில் நம்பிக்கை குலைய என்ன இருக்கிறது?

நெறியாளர் | 14 மார்ச், மதியம் 1.00

இருவரும் நயமாகவே பேசுகிறீர்கள், நன்றி. மருந்து அளவுகளை மட்டும் இங்கே பரிந்துரைக்க வேண்டாம்.

பெரம்பூர் மல்லிகா | 21 மார்ச், இரவு 8.25

வேறு மருத்துவமனைக்கு மாறினோம். பழைய இடத்தில் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டபோது "நோயாளிக்குக் கொடுக்கும் வழக்கமில்லை" என்று இரண்டு நாள் அலைக்கழித்தார்கள். எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிய பிறகு கொடுத்தார்கள்.

புதிய மருத்துவர் நாங்கள் எழுதிக் கொடுத்த தாளை இரண்டு முறை படித்தார். "இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. யாரும் கேட்கவில்லையே! ஆனால் சொல்லவில்லை.

இன்று சாயத்தின் முடிவு வந்தது. வெள்ளிச் சாயத்தில் 2 முதல் 4 மைக்ரான் அளவில் ஈஸ்ட்கள், குறுகிய கழுத்தோடு மொட்டுவிடுபவை, விழுங்கணுக்களுக்குள் கூட்டமாக இருக்கின்றன, ஹிஸ்டோபிளாஸ்மாவோடு ஒத்துப்போகிறது என்று எழுதியிருக்கிறார்கள். டி.பி. சாயத்தில் ஒன்றும் இல்லை. சிறுநீர் ஆன்டிஜனுக்கு மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். அட்ரீனல் சரியாக இருக்கிறது.

நுண்ணோக்கி ஐயா, உங்களை எனக்குத் தெரியாது. தம்பி உங்களைக் கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னான்.

பழைய நுண்ணோக்கி | 21 மார்ச், இரவு 8.58

நீண்ட நாள் வாழட்டும். ரத்தத்தை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா? அனுப்பினால் விண்ணப்பத் தாளில் "ஹிஸ்டோபிளாஸ்மா சந்தேகம்" என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் வளரும்போது அது மறுபடியும் மண்ணில் இருந்த நூல் வடிவத்தில்தான் வளரும், மூடியைத் திறக்கிற ஆய்வகப் பிள்ளைக்குத் தொற்றும். அந்தத் தட்டையும் ஆறு வாரம் வைத்திருக்க வேண்டும், ஐந்தாம் நாளே குப்பையில் போடக்கூடாது.

இருமல் டாக்டர் | 21 மார்ச், இரவு 10.12

மகிழ்ச்சி. இனி சில நடைமுறை விஷயங்கள். இதை உங்கள் மருத்துவரும் சொல்லியிருப்பார்.

நோயின் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தால், லேசான காய்ச்சலென்றால், மருந்தே இல்லாமல் விட்டிருப்பார்கள். நான்கு வாரத்தைத் தாண்டியும் அடங்கவில்லை என்பதால் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து தருவார்கள், வழக்கமாக 6 முதல் 12 வாரம். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. டி.பி. மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், இட்ராகோனசோலைக் கல்லீரலில் எரித்துத் தள்ளிவிடும். நிறுத்திய பிறகும் அந்த வேகம் அடங்க இரண்டு வாரம் ஆகும். எனவே ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பள்ளம் அசிடிட்டி மாத்திரை. நம் ஊரில் எந்தச் சீட்டு எழுதினாலும் முதல் வரியில் பான்டோபிரசோல் இருக்கும். இட்ராகோனசோல் கேப்சூல் வயிற்று அமிலத்தில்தான் கரையும். அமிலத்தை அடைத்துவிட்டு அதை விழுங்குவது பூட்டிய வீட்டுக்குள் தபாலைப் போடுவதுபோல. முழுச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும்.

முக்கியமானது: இது மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றாது.

பெரம்பூர் மல்லிகா | 21 மார்ச், இரவு 10.40

கடைசி வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய் அந்தத் தனித் தட்டை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு வந்தார். குழந்தையை நாளைக் காலை அழைத்துப் போகிறேன்.

வழக்குக்கட்டு | 22 மார்ச், காலை 7.20

இவ்வளவு நாள் மருத்துவம் நடந்ததால் ஓரமாக நின்றேன். தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவன். தம்பிக்குச் சம்பளம் போனது, செலவு ஆனது. அது வேலையால் வந்த நோய் என்று காட்ட வேண்டிய நாள் வரும். அன்று தேட ஆரம்பித்தால் ஒன்றும் கிடைக்காது.

இப்போது, 2023இல், நடப்பில் உள்ள 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோய்கள் இருக்கின்றன. அதன் "அ" பகுதியில் முதல் இனமே, தொற்று அபாயம் குறிப்பாக உள்ள வேலைகளில் வரும் தொற்றுநோய்கள்தான். இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும். சம்பவம் ஹௌராவில் என்றாலும் தொழிலாளி குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது சென்னையிலேயே, மனு போடலாம். பலருக்கு இது தெரியாமல் மலைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஒரு விலக்கு: சம்பளம் 21,000 ரூபாய்க்குள் (2023 கணக்கு) இருந்து, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இந்தச் சட்டத்தின் கீழ் வர முடியாது, இ.எஸ்.ஐ.யிடம்தான் போக வேண்டும்.

சேர்க்க வேண்டியவை: போக வர ரயில் டிக்கெட், மேலாளர் "போய் வேலையை முடி" என்று அனுப்பிய செய்தி, குடோனுக்குள் எடுத்த புகைப்படங்கள். புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் வந்த நகலாக வைக்காமல், எடுத்த தொலைபேசியிலேயே அழிக்காமல் வைக்கவும், தேதி அதில்தான் இருக்கும். உடன் வேலை செய்த நால்வரின் பெயர், ஊர், எண். மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குவிதி சொல்கிறது. அடுத்த முறை அலைக்கழித்தால் அந்த விதியை மனுவில் எழுதுங்கள்.

அந்தக் குடோன் மண்ணில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க முடிந்தால் வழக்கு இரும்பாகிவிடும்.

பழைய நுண்ணோக்கி | 22 மார்ச், காலை 7.48

வக்கீல் ஐயா, கடைசி வரியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். யாராவது பிளாஸ்டிக் பையில் அந்த மண்ணை அள்ளி ரயிலில் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அள்ளுகிறவன் நோயாளியாவான். மேலும் மண்ணிலிருந்து இந்தப் பூஞ்சையைப் பிரிப்பது சாதாரண வேலையல்ல. ஒரு கைப்பிடியில் இருக்கும், பக்கத்துக் கைப்பிடியில் இருக்காது. முடிவு "இல்லை" என்று வந்தால் எதிர்த்தரப்பு அதையே தூக்கிக் காட்டும்.

வழக்குக்கட்டு | 22 மார்ச், காலை 8.05

திரும்பப் பெற்றுக்கொண்டேன். கடைசி வாதம் எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

இருமல் டாக்டர் | 22 மார்ச், காலை 9.20

மருத்துவர் பக்கத்திலிருந்தும் ஒன்று. "இந்தக் குடோன் மண்ணால்தான் இந்த நோய் வந்தது என்று எழுதுங்கள்" என்று கேட்டால் எந்த மருத்துவரும் பின்வாங்குவார். நானும் எழுத மாட்டேன், எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது இரண்டு தனி விஷயங்கள். நோய் இன்னது என்பது சதையில் இருக்கிறது, அதை உறுதியாக எழுதலாம். எங்கிருந்து வந்தது என்பது நோயாளி சொன்ன வரலாறு. "ஜனவரி 18 முதல் 21 வரை ஹௌராவில் மூடிய கட்டடத்தில் வௌவால் எச்சம் கலந்த மண்ணை அகற்றினார், 31 அன்று காய்ச்சல் தொடங்கியது, இந்த இடைவெளி நோயின் இயல்போடு பொருந்துகிறது" என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு யாரும் மறுக்க மாட்டார்கள். முதல் நாள் எழுதிய வரலாறு, வழக்கு வந்த பிறகு எழுதிய வரலாற்றைவிடக் கனமானது. அதனால் அடுத்த சந்திப்பிலேயே கேஸ் ஷீட்டில் ஏற்றிவிடுங்கள்.

உடன் இருந்தவர்களுக்கும் வந்திருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஒருவருக்கு வந்தால் எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஒரே கூரையின் கீழ் நின்ற இருவருக்கு, அதே வாரத்தில் வந்தால்?

இன்னும் ஒன்று மறந்துவிடும். டி.பி. என்று பதிவு செய்தபோது அரசின் டி.பி. நோயாளர் பதிவேடான நிக்ஷய் தளத்தில் பெயர் ஏறியிருக்கும். நோய் மாறியதை அங்கேயும் மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "மாத்திரையைப் பாதியில் விட்டவர்" என்று அந்தப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்பார்.

பெரம்பூர் மல்லிகா | 22 மார்ச், காலை 10.02

அது நேற்றே ஆரம்பித்துவிட்டது டாக்டர். சுகாதாரப் பணியாளர் ஒரு அம்மா வாசலில் வந்து "ஏன் மாத்திரை வாங்க வரவில்லை?" என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். பக்கத்து வீட்டில் எல்லோரும் கேட்டார்கள்.

பெரம்பூர் மல்லிகா | 19 ஏப்ரல், மாலை 5.30

இடையில் எழுத முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

சிறுநீர் ஆன்டிஜன் பாசிட்டிவ். ரத்த வளர்ப்பில் இன்றுவரை ஒன்றும் வளரவில்லை, இன்னும் இரண்டு வாரம் வைத்திருப்பார்கள். இட்ராகோனசோல் மார்ச் 23 முதல் போகிறது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது ரத்தத்தில் மருந்து 0.4தான் இருந்தது, 1க்கு மேல் வேண்டுமாம். வீட்டில் மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். பழைய சீட்டின் பான்டோபிரசோலை அம்மா தினமும் காலையில் தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்! "வயிறு புண்ணாகிவிடுமே" என்கிறார். அதை நிறுத்தினோம். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் கோலாவும் குடிக்கச் சொன்னார் மருத்துவர். அமில பானம் என்பதால் மருந்து கரையுமாம். நான்கு வயதுக்காரி அப்பாவுக்கு மட்டும் ஏன் தினமும் கலர் என்று சண்டை போடுகிறாள். நேற்றைய அளவு 1.6.

காய்ச்சல் நின்று 16 நாள் ஆகிறது. மூன்று கிலோ ஏறியிருக்கிறான்.

ஒப்பந்ததாரர் முதலில் "நாங்கள் முகக்கவசம் கொடுத்தோம், அவன்தான் போடவில்லை" என்றார். தம்பியின் தொலைபேசியில் 19ஆம் தேதி எடுத்த படம் இருக்கிறது. ஐந்து பேரும் கைக்குட்டையோடு நிற்கிறார்கள், நடுவில் ஒப்பந்ததாரரே கைக்குட்டையோடு சிரிக்கிறார். வக்கீல் ஐயாவுக்கு அதைத் தனியாக அனுப்புகிறேன்.

வியாசர்பாடிக்காரர்களில் ஒருவருக்கு ஒன்றும் இல்லை. இன்னொருவர் பிப்ரவரியில் பத்து நாள் சளியில் கிடந்து தானாகத் தேறியிருக்கிறார். மருத்துவர் சொன்னபடி அவருக்கு எக்ஸ்ரேயும் எதிர்ப்பொருள் பரிசோதனையும் எடுத்தோம். எதிர்ப்பொருள் பாசிட்டிவ்.

அயனாவரம் சேகர் | 19 ஏப்ரல், மாலை 6.15

சகோதரி, நான் தவறாக நினைத்துவிட்டேன். தம்பி நலமானதில் மிக்க மகிழ்ச்சி. ஆனால் ஆட்டுக்கால் சூப்பை மட்டும் விடாதீர்கள்.

பழைய நுண்ணோக்கி | 19 ஏப்ரல், மாலை 6.40

சூப்பில் நானும் சேகர் கட்சி.

அம்மா, அந்தக் கஞ்சம் பையன்?

பெரம்பூர் மல்லிகா | 6 மே, இரவு 9.15

கிடைத்துவிட்டான் ஐயா. எண் மாற்றியிருந்தான், அவன் மச்சான் வழியாகப் பிடித்தோம். 26 வயது. பிப்ரவரி முதல் காய்ச்சல், அவனுக்கும் அங்கே டி.பி. மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது, மூன்றாவது மாதம். நடக்க முடியவில்லை என்கிறான். தம்பியின் அறிக்கைகள் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பினோம். எங்கள் மருத்துவர் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

பழைய நுண்ணோக்கி | 6 மே, இரவு 9.31

அவனுக்குச் சதை எடுத்தார்களா? எடுத்திருந்தால் மெழுகுக் கட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பெரம்பூர் மல்லிகா | 6 மே, இரவு 9.44

அதைத்தான் முதலில் கேட்டோம் ஐயா. இதுவரை எடுக்கவில்லை. வியாழக்கிழமை பெர்ஹாம்பூரில் எடுக்கிறார்கள். "தோ ஷீஷி (இரண்டு புட்டி), தோ ஷீஷி, ஒன்றில் உப்புத் தண்ணீர்" என்று தம்பி தனக்குத் தெரிந்த இந்தியில் மூன்று முறை சொல்லிவிட்டு, நான்காவது முறை அவன் மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னான்.